அறுபத்தொன்றாம் எண் மெமோ

கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலைநீக்க வழக்குகள் நடத்தியிருக்கிறேன். தொழிலாளி தரப்பில் தாக்கலாகும் எந்த மனுவை எடுத்தாலும், இரண்டாம் பக்கத்துக்குள் "பழிவாங்கும் நோக்கத்தோடு" என்ற சொற்கள் வந்துவிடும். கடிதத் தலையில் பிள்ளையார் சுழி போடுவதுபோல நாங்கள் அதைப் போடுவோம். நீதிபதியும் பிள்ளையார் சுழியைப் படிக்கிற அளவுக்கே அதைப் படிப்பார். அந்தச் சொற்கள் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்த ஒரு வழக்கு 1996இல் என்னிடம் வந்தது. அதற்கும் பழக்கதோஷத்தில் அதே ஒற்றை வரியை எழுதிவிட்டு இருந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் ஒரு நூற்பாலையின் கோன் வைண்டிங் பிரிவில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்த பெண். மஞ்சப்பையில் வேலைநீக்க உத்தரவு, மெமோ, ஈஎஸ்ஐ அட்டை, இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டில் ஒவ்வொரு வேலைநாளுக்கும் ஒரு வரி: தேதி, ஷிப்ட், இறக்கிய கோன் எத்தனை, வரியின் கடைசியில் 9 என்று ஓர் எண். எல்லா வரியிலும் அதே ஒன்பது. "இது என்னம்மா?" என்றேன். "அது அவங்க எனக்கு வெச்ச பாக்கிங்க சார்" என்றார்.

அந்த ஒன்பது புரிய வேண்டுமானால் வைண்டிங் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூற்று வந்த நூலைப் பெரிய கோன்களில் சுற்றித் தருவது அங்கே வேலை. முதல் ஷிப்டும் இரண்டாம் ஷிப்டும் பெண்கள்; மூன்றாம் ஷிப்டில் அதே மெஷினை, அதே நூலை வைத்து, ஆண்கள் ஓட்டுவார்கள். பதிவேட்டில் பெண்களுக்கு 'வைண்டர்' என்று பெயர், ஆண்களுக்கு 'ஆப்பரேட்டர்'. பெயர் மாறியதில் தினக்கூலி ஒன்பது ரூபாய் மாறியது. ஒரே வேலைக்கும் ஒரே தன்மையுள்ள வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று சம ஊதியச் சட்டம் 1976இலேயே சொல்லிவிட்டது. ஆண்கள் ராத்திரியில் உழைக்கிறார்கள், பெண்கள் ராத்திரியில் வருவதில்லை என்பது ஆலையின் பதில். வருவதில்லைதான், பெண்களை ராத்திரி வேலையில் வைக்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு தடுத்திருந்தது. பெண்ணைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் கதவைச் சாத்த, சாத்திய கதவைக் காட்டியே இன்னொரு சட்டம் கொடுத்ததை ஆலை நிறுத்திவைத்தது. ஆனால் ராத்திரிக்கென்று ஆண்களுக்குத் தனியாக அலவன்ஸ் இருந்தது. ஆள் பற்றாமல் ஆண்கள் பகல் ஷிப்டுக்கு வந்த நாட்களிலும் அந்த ஒன்பது ரூபாய் அவர்களுக்கு விழுந்தது. அப்படி யார் யார் எந்தத் தேதியில் வந்தார்கள் என்பதும் அந்த நோட்டில் இருந்தது.

1996 பிப்ரவரியில் பதினொரு பெண்கள் கையெழுத்திட்டுத் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்தார்கள். எழுதியது இவர். சங்கம் ஒதுங்கிக்கொண்டது, வைண்டர், ஆப்பரேட்டர் என்று பிரித்த ஒப்பந்தத்தில் சங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தது. மார்ச்சில் இவருக்கு ஒரு மெமோ வந்தது: வேண்டுமென்றே வேஸ்ட் நூலை அதிகமாக்கினார், கேட்ட மேஸ்திரியை மரியாதைக் குறைவாகப் பேசினார். ஏப்ரலில் என்கொயரி, ஜூனில் வேலைநீக்கம். அதற்குள் மற்ற பத்துப் பேரும் மனுவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகம் கோப்பை மூடியது. பத்துப் பேர் விலகிவிட்டார்கள், பதினோராவது ஆள் வேலையிலேயே இல்லை, பிறகு யாருக்காக விசாரிப்பது?

முன்னாலேயே என்னிடம் வந்திருக்கலாமே என்று எல்லா வக்கீலும் சொல்வான். இந்த வழக்கில் அதற்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, சமரச அலுவலர் முன்னால் ஒரு தகராறு நிலுவையில் இருக்கும்போது, அதோடு தொடர்புள்ள குற்றத்துக்காக ஒரு தொழிலாளியை நீக்க நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தொடர்பில்லாத குற்றமென்றாலும் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, ஒப்புதல் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. பதினொரு பேரும் இதே கோரிக்கையைத் தொழில் தகராறாக எழுப்பியிருந்தால் இந்தக் கவசம் கிடைத்திருக்கும். சம ஊதியச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனு சமரச நடவடிக்கை ஆகாது என்பதால் கிடைக்கவில்லை. இரண்டு மனுவும் போய்ச் சேரும் துறை ஒன்றுதான். மேலே எழுதும் சட்டத்தின் பெயரில் ஒரு பெண்ணின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1988இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால், சமரசம் முறிந்ததும் அரசு அனுப்பிவைக்கும்வரை காத்திராமல் நீக்கப்பட்ட தொழிலாளியே நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 1997இல் போனோம். முதல் வாதத்திலேயே நீதிபதி என் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் பழிவாங்கினார், எதற்காக, எப்போதிலிருந்து என்று இதில் எங்கே சார் இருக்கிறது?" என்றார். பாரத் அயர்ன் வொர்க்ஸ் வழக்கில் எழுபதுகளின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: பழிவாங்கல் என்பது கனமான குற்றச்சாட்டு, விவரங்களோடு சொல்ல வேண்டும், சொன்னவரே நிரூபிக்க வேண்டும், பெரிய குற்றம் ஒன்று தொழிலாளி மேல் நிரூபணமாகிவிட்டால் பழிவாங்கல் என்ற பேச்சுக்குப் பொதுவாக இடமில்லை. தெரிந்த தீர்ப்புதான், நானே நாலைந்து முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அந்த நோட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு திருத்த மனு எழுதினேன். ஒற்றை வரி ஆறு பக்கமாயிற்று.

ஆறு பக்கம் எழுதுவது சுலபம். ஒரு நிர்வாகியின் மனதில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? எந்த ஆலையும் 'இவள் மனுக் கொடுத்ததால் நீக்குகிறோம்' என்று குறிப்பு எழுதி வைப்பதில்லை. அடுத்தடுத்து என்ன நடந்தது, அதே காரியத்தைச் செய்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் மனதை ஊகிக்க முடியும். முதலாவதில் ஆலையின் கை ஓங்கியிருந்தது. தொழிலாளர் அலுவலரின் நோட்டீஸ் ஆலைக்குக் கிடைத்தது மார்ச் 11 என்று தபால் ஒப்புகை அட்டை சொன்னது. மெமோவில் இருந்த தேதி மார்ச் 6. மனு வந்ததே தெரியாதபோது எப்படிப் பழிவாங்குவது? ஆலைத் தரப்பு வக்கீல் பெரியவர், நகைச்சுவை உள்ளவர். "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாக என் நண்பர் சொல்கிறார். இங்கே பழம் விழுந்த பிறகுதானே ஐயா காக்கையே வந்தது!" என்றார். கோர்ட்டே சிரித்தது, நானும்தான்.

மெமோ இவர் கைக்கு வந்தது மார்ச் 14 என்று நோட்டில் இருந்தது. உள்ளூர் டைம் ஆபீசிலிருந்து வைண்டிங் பிரிவுக்கு ஒரு காகிதம் வர எட்டு நாளா? மெமோ அனுப்பும் பதிவேட்டை வரவழைக்க மனுப் போட்டேன். ஆலை தொழில் தகராறுச் சட்டத்தின் 11ஏ பிரிவைக் காட்டி ஆட்சேபித்தது. அந்தப் பிரிவு 1971இல் வந்தது. அதற்கு முன் என்கொயரி முறையாக நடந்திருந்தால் தண்டனையில் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிட முடியாது. தண்டனை பொருத்தமில்லை என்றால் மாற்றலாம் என்ற அதிகாரத்தை அது கொடுத்தது, கூடவே ஏற்கெனவே பதிவில் உள்ளதை மட்டுமே பார்க்க வேண்டும், புதுச் சாட்சியம் கூடாது என்று ஒரு கயிற்றையும் கட்டியது. என்கொயரியில், 'மனுக் கொடுத்ததற்காகத்தான் இதெல்லாம்' என்று இவர் சொன்னபோது, 'குற்றச்சாட்டுக்குத் தொடர்பில்லாதது' என்று எழுதி விசாரணை அதிகாரி நிறுத்தியிருந்தார். சொல்லவிடாமல் தடுத்துவிட்டு, பதிவில் இல்லை என்று சொல்வது எப்படி என்று கேட்டேன். நோக்கம் என்பது குற்றத்திலிருந்து தனியான விஷயம் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். மூன்று வாய்தா கழித்துப் பதிவேடு வந்தது.

சிவப்புக் காலிகோ முதுகு போட்ட நீளமான லெட்ஜர் அது. வருஷம் தொடங்கி ஒன்று, இரண்டு என்று வரிசை எண். எங்கள் மெமோ 61. நான் பர்சனல் ஆபீசரைக் கூண்டில் வைத்து மூன்று வரிகளை மட்டும் வாசிக்கச் சொன்னேன். "அறுபது, மார்ச் பன்னிரண்டு" என்றார். அது ஒரு பிட்டருக்கு, வராமல் இருந்ததற்கு. அறுபத்தொன்றுக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மார்ச் ஆறு." "அறுபத்திரண்டு?" "மார்ச் பதின்மூன்று." எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். "ஐம்பத்தைந்து அப்போது எழுதியாகிவிட்டதா?" என்று கேட்டேன். ஐம்பத்தைந்தின் தேதி மார்ச் 8. அவர் பேசவில்லை. நீதிபதி லெட்ஜரைக் கையில் வாங்கி, சன்னல் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். தேதியைப் பின்னால் தள்ளியவர்களுக்கு வரிசை எண்ணைத் தள்ள வழி தெரியவில்லை. அதைத் தள்ள வேண்டுமானால் பிட்டரின் மெமோவையும், மற்ற நாலைந்து பேரின் மெமோவையும் திரும்ப எழுதியிருக்க வேண்டும்.

வேஸ்ட் பதிவேடும் கூடவே வந்தது. குற்றம் சாட்டிய நாளில் இவரைவிட அதிகம் வேஸ்ட் விட்டவர்கள் மூன்று பேர். ஒருவருக்கும் மெமோ இல்லை, வாய்ச்சொல்லோடு சரி. மேஸ்திரியைக் கேட்டேன், நூல் அன்று எப்படி என்று. "நூலு அன்னைக்கு மோசந்தாங்க, எல்லாருக்குமே அறுந்துச்சு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வீட்டில் என்ன கிடைத்ததோ, ஆலையில் என்ன கிடைத்ததோ.

விலகிக்கொண்ட பத்துப் பேரில் ஒரு பெண்ணை ஆலை சாட்சியாகக் கூட்டிவந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே மனுவில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அது பொய், மனுவைப் படித்துக் காட்டிய நாளில் ஓர் எண்ணைத் திருத்தச் சொன்னதே அவர்தான், அதுவும் நோட்டில் இருந்தது. குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். பின்னாலிருந்து என் கவுனை இழுத்து, "அவள விட்ருங்க சார். சாயங்காலம் அவ அந்த கேட்டுக்குள்ளதான போகோணும்" என்றார் என் கட்சிக்காரர். இரண்டு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வக்கீலாக அது தவறு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். மறுபடி வாய்த்தாலும் அப்படித்தான் உட்காருவேன்.

தண்டனையின் அளவே நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு நான் காட்டியது ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கு. 1961இல் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. மறுநாள் திங்களை விடுமுறை என்று வைத்துக்கொண்டு வராமல் இருந்தவர்களை நிர்வாகம் நீக்கிவிட்டது. நியாயமான எந்த முதலாளியும் கொடுக்கத் துணியாத தண்டனை என்றால் அதையே பழிவாங்கல் என்று கொள்ளலாம் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில நூறு கிராம் வேஸ்டுக்குப் பதின்மூன்று வருஷ வேலை என்பது எந்தத் தராசில் சேரும் என்று மட்டும் கேட்டேன்.

இதற்கிடையே 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்களின் இரவு வேலைத் தடையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆலையின் பழைய பதில் அதோடு காலாவதியானது. ஆனால் அந்தக் கேள்வியே எங்கள் வழக்கில் இல்லை. எங்கள் வழக்கு நீக்கியது சரியா என்பது; ஒன்பது ரூபாய் சரியா என்பது மூடிய கோப்பில் கிடந்தது.

2002இல் தீர்ப்பு வந்தது. மெமோ மார்ச் 12க்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது என்றும், நீக்கியது பழிவாங்கல்தான் என்றும் நீதிபதி எழுதினார். மறுபடி வேலை, பணித்தொடர்ச்சி. பின்சம்பளம் மட்டும் பாதி. பாதியானதற்குக் காரணம் இவருடைய வாய். சாட்சிக் கூண்டில் "வேலையில்லாத காலத்தில் எப்படிம்மா சாப்பிட்டீர்கள்?" என்று ஆலை வக்கீல் கேட்டதற்கு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனேன் என்றும், நாளுக்கு இவ்வளவு கிடைத்தது என்றும், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

ஆலை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு அங்கே நிறுத்தி வைக்கப்பட்டாலும், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும் என்றது தொழில் தகராறுச் சட்டத்தின் 17பி பிரிவு. நல்ல சட்டம். ஒரு நிபந்தனை இருந்தது: வேறெந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கவில்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நான் வரைவைப் படித்துக் காட்டியதும், "அப்ப நான் பட்டினி கெடந்தேன்னு எழுதோணுமாங்க சார்?" என்றார். போதிய வருமானம் வந்ததாக நீதிமன்றம் கண்டால்தான் அந்தச் சம்பளம் நிற்கும். பிசிர் வெட்டுவதில் போதிய வருமானம் எங்கே வரும்? ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆலை அதைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கம்பெனி, எத்தனை நாள், எவ்வளவு என்று பதில் மனு மேல் மனுப் போட்டது. 17பி உத்தரவு கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. இதே நிலையில் இருக்கும் எத்தனையோ பேர் ஒரு வேலையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்து, இரண்டே மாதத்தில் உத்தரவு வாங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

2005 டிசம்பரில், தவறான நீக்கம் என்றாலும் முழுப் பின்சம்பளம் தானாக வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச பித்தளைப் பொருள் கழக வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலோடு ஆலை சமரசம் பேச வந்தது. (முழுப் பின்சம்பளமே இயல்பான விதி, தொழிலாளி வேறெங்கோ சம்பாதித்தார் என்றால் அதை முதலாளிதான் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று தீபாலி குண்டு சுர்வசே என்ற ஆசிரியையின் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது 2013இல்.) பத்து வருஷம் ஆகியிருந்தது. இவருக்கு முழங்கால் வலி. எட்டு மணி நேரம் நின்று கோன் மாற்ற முடியாது. ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பேசி முடித்தோம்.

இங்கே என் கணக்கு ஒன்று பாக்கி. மேக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா, 1977இல் வேலை போன பிறகுதான் ஆண் சுருக்கெழுத்தர்களுக்குச் சமமான ஊதியம் கேட்டார். சங்க ஒப்பந்தம் இருக்கிறது, கொடுக்க வசதியில்லை என்ற இரண்டு பதிலையும் தள்ளி, 1987இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேலையில் இல்லாதவர் கேட்க முடியாது என்று மூடிய அந்தக் கோப்பை நான் அதை வைத்தே திறக்கச் செய்திருக்க வேண்டும். தீர்ப்புத் தொகுதி என் அலமாரியில்தான் இருந்தது. முதலில் வேலை, பிறகு கூலி என்று நினைத்தேன். வேலைக்கான வழக்கே பத்து வருஷத்தைத் தின்றுவிட்டது.

2006இல் என் அறையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இவர் மஞ்சப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் மொத்தம் கூட்டி, இரண்டு கோடு போட்டிருந்தார். "இது எதுல வருதுங்க சார்?" நான் ஏழாம் பத்தியைக் காட்டினேன்: சம்பள வித்தியாசம் உட்பட இரு தரப்புக்கும் இடையேயான எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் தீர்ந்தன. விரலை வைத்து, சொல் சொல்லாக, வாய்விட்டுப் படித்தார். 'உட்பட' என்ற சொல்லில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார். வழக்குக் கட்டோடு இருக்கட்டும் என்று நான் நோட்டுக்குக் கை நீட்டினேன். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாலே முக்கால் பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார்.